இரண்டாவது டம்ளர்

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்து ஒருவர் கேட்ட கேள்வி இவ்வளவுதான்:

"ரெண்டாவது காபியை எப்படிம்மா விடுறது?"

கேட்டவர் குழந்தைவேலு. வயது அறுபத்தெட்டு. போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்கப்பட்டவர் மலையம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, காபித் தோட்டங்களுக்கு நடுவே அந்த ஓட்டு வீட்டில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து எல்லோருக்கும் மலையம்மாதான். குருதான், ஆனால் சீடரைவிட இருபது வயது சின்னவர். தாடி வைத்த குருமார்கள் மூன்று பேரைப் பார்த்து, மூன்று பேரும் மூச்சை இழுத்து விடச் சொன்ன பிறகுதான் குழந்தைவேலு இங்கே வந்து சேர்ந்தார். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்.

மலையம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"முதலாவதை விட்டாச்சா?"

"இல்லம்மா. ஒண்ணு குடிக்கலாம்னுட்டார் டாக்டர். ரெண்டாவதுதான் கூடாதாம். நெஞ்சு படபடங்குது. ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது. பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. இப்படியே போனா ஒரு நாள் நெஞ்சு நின்னுரும்ங்கறார்."

"அப்ப ஒண்ணு மட்டும் போடுங்க."

"ஒண்ணு போட முடியாதும்மா."

"ஏன்?"

"வீட்ல இருக்கிறது ரெண்டு டம்ளர் ஃபில்டர். பொடியைப் பாதியாக் குறைச்சா தண்ணி நிக்க மாட்டேங்குது. கடகடன்னு ஓடிருது. கழனித் தண்ணி மாதிரி இறங்குது. அந்த ஃபில்டருக்கு ரெண்டு பேர் வேணும்."

இரண்டு பேர் இருந்த வீடுதான். மனைவி லோகநாயகி போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அதுவரை ஃபில்டருக்கு எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று குழந்தைவேலுவுக்குத் தெரியாது. அந்த மனிதர் அடுப்படிக்குள் நுழைய ஒரு சாவு வேண்டியிருந்தது. நுழைந்த பிறகு, குறை சொல்லக் கூடாது, நன்றாகவே கற்றுக்கொண்டார்.

"ஒத்தை டம்ளர் ஃபில்டர் பாத்திரக்கடையில கிடைக்குமே ஐயா."

"போனேன். கையில எடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் கேட்டார், 'பேரன் ஹாஸ்டல்ல சேர்ந்துட்டானா சார்?'னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

"பேரன் இருக்கானா?"

"இல்ல. ஒரே பொண்ணு. மஸ்கட்ல வேலை பார்க்குது. ஃபில்டரைத் திருப்பி வெச்சிட்டு வந்துட்டேன்."

மலையம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

"ரெண்டையும் நீங்களே குடிக்கிறீங்க."

"என்னோடதைக் குடிப்பேன். கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்பேன். அப்புறம் அவளோடதையும் குடிச்சிருவேன்."

லோகநாயகி பேச்சு வந்தால் சரித்திரத்துக்குத் தாவுவது அவர் வழக்கம்.

"காபி நம்ம ஊர்ச் சரக்கே இல்லம்மா. எங்க தாத்தா காலத்துல விடிஞ்சா நீராகாரம்தான். காபி குடிக்கிற குடும்பம் உருப்படாதும்பாங்க. எத்தியோப்பியாவுல ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன் இருந்தானாம், அவனோட ஆடு..."

"ஆட்டைப் பத்திப் பேசவா மலையேறி வந்தீங்க?"

குழந்தைவேலு ஆட்டை அங்கேயே விட்டார்.

"ரெண்டாவதை யாருக்காவது குடுங்க. அடுத்த வாரம் வாங்க."

அடுத்த ஞாயிறு வந்தார். முகம் போன வாரத்தைவிட இறங்கியிருந்தது.

"வாங்கிக் குடிக்க ஆள் இல்லம்மா."

"அவ்வளவு பெரிய ஊர்லயா?"

"எதிர்வீட்டுப் பொண்ணு, 'நாங்க கிரீன் டீக்கு மாறிட்டோம் அங்கிள்'னுச்சு. துணி தேய்க்கிறவர், டீயா இருந்தா குடுங்க சார்ன்னார். பால்காரர் காபியே தொடறதில்லையாம். வயித்துக்கு ஆகலையாம்."

"ஊத்துற பாலை அவர் குடிச்சுப் பார்த்திருப்பார்."

"பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர் மட்டும் ரெண்டு நாள் வாங்கிக் குடிச்சார். மூணாம் நாள் அவர் சம்சாரம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, 'ஏன் சார், எங்க வீட்ல காபிக்கு வழியில்லன்னு நெனச்சீங்களா?'ன்னுட்டாங்க."

மலையம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார். குழந்தைவேலு சிரிக்கவில்லை.

"அப்ப கொட்டிருங்க."

"என்னது?"

"வாங்க ஆள் இல்லன்னா கொட்டத்தான வேணும்? வாழைக்குப் போகட்டும்."

"அதெப்படிம்மா கொட்டுறது?" குரல் ஏறியது. "அது லோகநாயகியோட காபி. நாப்பத்தோரு வருஷம் அவளும் நானும் குடிச்ச காபி. வாரம் ஒரு தரம் பொண்ணு போன் பண்ணுது. மத்த நாள் டிவியில பேசுறவங்கதான் பேச்சு. அந்த டம்ளரை எதிர்ல வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கிற பத்து நிமிஷம்தான் நான் தனியா இல்லாத நேரம். அதையும் கொட்டிட்டு நான் என்ன செய்ய? நெஞ்சு நின்னா நிக்கட்டும். விடுங்க."

ஒரு சீடர் குருவிடம் இப்படிக் கத்தக் கூடாது. மலையம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. எழுந்து உள்ளே போனார்.

குழந்தைவேலு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தின வாரம் பெய்த மழைக்குக் காபிச் செடிகள் பூத்திருந்தன. கிளை கிளையாக வெள்ளைப் பூ. மல்லிகை மாதிரியே மணம். ஆனால் யாரும் பறித்துத் தலையில் வைத்துக்கொள்வதில்லை. நாலு நாளில் வாடி உதிர்ந்துவிடும்.

மலையம்மா ஒரு தட்டோடு வந்தார். தட்டில் ஆவி பறக்க இரண்டு டம்ளர் காபி, சர்க்கரை டப்பா, ஒரு ஸ்பூன். குரு காபி குடிப்பாரா என்று கேட்பவர்கள் அந்த மலைக் குளிரில் விடிந்து எழுந்தவர்கள் இல்லை.

"உங்களுக்கு எவ்வளவு சர்க்கரை ஐயா?"

"ஒன்றரை ஸ்பூன். நுரை வர ஆத்தணும்."

கோபத்திலும் அது மறக்கவில்லை. மலையம்மா ஒன்றரை ஸ்பூன் போட்டு, நுரை வர ஆற்றி, அவர் முன்னால் வைத்தார். மறுபடியும் ஸ்பூனைச் சர்க்கரையில் விட்டு எடுத்தார். இரண்டாவது டம்ளருக்கு மேலே கை நின்றது.

"லோகநாயகி அம்மாவுக்கு?"

குழந்தைவேலு வாயைத் திறந்தார்.

கை அங்கேயே நின்றது.

"நான் ஒன்றரைதான் போடுவேன்."

"நீங்க போடுறதைக் கேட்கல. அவங்க போட்டுக்கிட்டதைக் கேட்கிறேன்."

"அவளும் அப்படித்தான் குடிச்சிருப்பா."

"பார்த்தீங்களா?"

"எனக்குக் கொண்டாந்து வெச்சிட்டு உள்ள போயிருவாம்மா. நான் பேப்பரோட முன்னால உக்காந்திருப்பேன். அவ அடுப்படியில நின்னுக்கிட்டே குடிப்பா. கையில டம்ளரைப் பார்த்திருக்கேன்."

"டம்ளருக்குள்ள?"

குழந்தைவேலு தன் டம்ளரைப் பார்த்தார்.

"கருப்பாவா, பால் தூக்கலாவா? சூடாவா, ஆறினப்புறமா? சர்க்கரை போட்டுக்கிட்டாங்களா இல்லையா, அதையாவது சொல்லுங்க ஐயா."

"பொண்ணுக்குத் தெரியும்," என்றார் குழந்தைவேலு.

போனை எடுத்துக்கொண்டு வாசல் படலுக்குப் போனார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மஸ்கட்டில் ஞாயிறு வேலை நாள்.

"ஆபீஸ்ல இருக்கேன்ப்பா. என்ன, உடம்புக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் இல்ல பிருந்தா. அம்மா காபிக்கு எவ்வளவு சர்க்கரை போட்டுக்குவா?"

"என்னப்பா திடீர்னு? எங்களுக்கெல்லாம் குடுத்துட்டு அப்புறம் எப்பவோ குடிப்பாங்க. நான் கவனிச்சதில்லப்பா. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். சும்மா கேட்டேன். நீ வேலையைப் பாரு."

பேசி முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நாற்பத்தொரு வருஷக் காலைகளில் ஒன்றிலாவது எட்டிப் பார்த்தோமா என்று தேடினார். தலைப்புச் செய்திகள்கூட ஞாபகம் வந்தன.

திரும்பி வந்து உட்கார்ந்தார். மலையம்மா ஸ்பூனை டப்பாவிலேயே போட்டிருந்தார். இரண்டாவது டம்ளரில் ஆடை படிந்திருந்தது.

குழந்தைவேலு தன்னுடையதை எடுத்தார். ஆறிப் போயிருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

பதினான்கு மாதப் பழக்கம். கை தானாக இரண்டாவதை நோக்கிப் போனது.

மலையம்மா அந்த டம்ளரைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார். மெதுவாகத்தான் கேட்டார்:

"முன்பின் தெரியாத ஒரு அம்மாவோட காபி ஐயா இது. நீங்க எடுத்துக் குடிக்கலாமா?"