பத்தாவது அடி

முன்னொரு காலத்துல மாவடிக்கோட்டைன்னு ஒரு சீமைய சூரகேசரின்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தாரு. நல்ல ராஜாதான், காலையில. மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் தாமசமாச்சுன்னா, அரண்மனைப் புலிக்குச் சாப்பாடு சீக்கிரம் கெடைச்சிடும்.

அந்தக் கோட்டையில சம்பளம் நெல்லு. மாசம் பொறந்தா ஆளுக்குப் பத்து மரக்கால். அளக்கிறவரு களஞ்சியத்து அதிகாரி அனந்தப்பர். அளக்கிறப்போ யாரும் பாக்கக்கூடாது, நெல்லுல கண்ணு பட்டுடும்னு ஒரு வழக்கம். சம்பளம் வாங்குறவன்லேருந்து காவக்காரன் வரைக்கும் முதுகைக் காட்டிக்கிட்டுதான் நிக்கணும். ஒவ்வொரு மரக்கால் விழுந்ததும் முரசுல ஒரு அடி. மண்டபத்துல இருந்துக்கிட்டே ராஜா அந்த அடிய எண்ணிக்குவாரு. பத்து கேட்டா திருப்தி.

அந்த முரசை அடிக்கப் புதுசா வந்தவன் காத்தமுத்து. மொத மாசம் தன் சம்பளத்துக்குத் தானே பத்து அடி அடிச்சான். வீட்டுல கொண்டுபோய் அளந்தா ஆறு மரக்கால்தான் இருந்துச்சு.

அரண்மனைக்குத் தண்ணி தூக்குற பேச்சிகிட்ட போய் நின்னான்.

"அக்கா, எனக்கு மட்டுமா இப்படி?"

"எல்லாருக்கும் பிடிப்பாங்க தம்பி. மொத மரக்கால் மரப்பெட்டிக்கு. அது ராஜா வரி, பாதை, பாலம்னு போடுறதுக்கு. ரெண்டாவது மண்சாடிக்கு, அது வைத்தியசாலைக்கு. எம்புருசன் கால் ஒடிஞ்சப்போ அதுலதான் கட்டுப் போட்டாங்க. மூணாவது நெல்லுக் குதிருக்கு. ஒடம்பு தளந்து வேலைய விட்டா நமக்கே திரும்பி வரும்."

"சரி, நியாயந்தான். பத்துல மூணு போனா ஏழு வரணுமே."

பேச்சி குடத்தை எறக்கி வெச்சா. நாலு பக்கமும் பாத்துக்கிட்டா. "இதையேதான் உனக்கு முன்னாடி முரசு அடிச்ச சடையனும் கேட்டான்."

"அவரு இப்ப எங்க?"

"புலிக்கூண்டைக் கூட்டுறான்."

"அதுவும் ஒரு வேலைதானே."

"உள்ள இருந்து கூட்டுறான் தம்பி. புலி தூங்குற நேரமாப் பாத்து."

அன்னிலேருந்து காத்தமுத்துவுக்குச் சோறு எறங்கல. அடுத்த சம்பள நாள் வந்துச்சு. முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான், காதை மட்டும் தீட்டி வெச்சுக்கிட்டான். மரப்பெட்டியில கடகடன்னு ஒண்ணு. சாடியில கணகணன்னு ஒண்ணு. குதிருக்குள்ள ஆழத்துல பொதபொதன்னு ஒண்ணு. அப்புறம் அவன் துணியில சர்ருன்னு ஆறு. பத்தாவது, அனந்தப்பர் உக்காந்து அளக்குற பலகைக்கு அடியில, ஏதோ சாக்குக்குள்ள போய் விழுந்துச்சு.

தைரியம்னு சொல்ல முடியாது. ஆனா அந்த ஒண்ணுக்கு முரசு அடிக்க அவனுக்குக் கை வரல. ஒம்பதோட நின்னுச்சு.

ரெண்டு பேரையும் ராஜா கூப்புடுறாருன்னு மண்டபத்துலேருந்து ஆள் வந்துச்சு. மத்தியானச் சாப்பாடு இன்னும் வரலன்னும் சொல்லிட்டுப் போச்சு.

"பத்தாவது அடி எங்கடா?" ராஜா கேட்டாரு.

அனந்தப்பர் முந்திக்கிட்டாரு. "புது ஆளு மகாராஜா. உங்க அடியையே திருடிட்டான். புலி வேற நேத்துலேருந்து பட்டினி."

காத்தமுத்துவுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. மெதுவாப் பிரிச்சு எடுத்துப் பேசினான். "பெட்டி உங்களுக்கு, மகாராஜா. சாடி நோயாளிக்கு. குதிர் நாளைக்கு. துணி எனக்கு. பத்தாவது சாக்குல விழுந்துச்சு. அது யாருக்குன்னு தெரியல. ஆள் தெரியாம யாருக்கு அடிக்கிறது?"

ராஜா அனந்தப்பர் பக்கம் திரும்பினாரு. 

"இவன் துணியில ஏழு போட்டேன்," அனந்தப்பர் சொன்னாரு. "வர்ற வழியில ஒண்ணைத் தின்னுருப்பான்."

"பச்சை நெல்லையா?" ராஜா கேட்டாரு. "சரி, ரெண்டு பேரும் இங்கேயே பத்து மரக்காலைப் புதுசா அளந்து காட்டுங்க. துணியில ஏழு இருந்தா, முரசுக்காரா, நீ புலிக்கு. ஆறு இருந்தா..." அனந்தப்பரைப் பாத்தாரு. முடிக்கல.

அனந்தப்பர் சிரிச்சாரு. ஏழு போடுறது என்ன பெரிய வித்தையா? தூணுக்குப் பின்னாடி நின்ன பேச்சி கண்ணை மூடிக்கிட்டா.

"சம்மதம் மகாராஜா," காத்தமுத்து சொன்னான். "சம்பள நாள் மாதிரியே முரசு அடிக்கணும். எல்லாரும் திரும்பி நிக்கணும்."

"நானுமா?"

"கண்ணு பட்டுடும் மகாராஜா."

பெட்டி, சாடி, குதிர், பலகை எல்லாம் மண்டபத்துக்கு வந்துச்சு. ராஜாவும் திரும்பிக்கிட்டாரு. சுவத்தைப் பாத்துக்கிட்டு ஒரு சபையே நின்னுச்சு.

மொத ரெண்டு அடி நிதானமா விழுந்துச்சு. அனந்தப்பர் விரல் விட்டு எண்ணி எண்ணிப் போட்டாரு. மூணாவதுல காத்தமுத்து வேகத்தைக் கூட்டினான். நாலு, அஞ்சு, ஆறு. சம்பள நாளன்னைக்கு முந்நூறு பேருக்கு அளக்குற அதே வேகம். பன்னெண்டு வருசமா அந்தத் தாளத்துக்கு ஓடுன கை அது. பின்னாடி ராஜா வேற நிக்கிறாரு. பயத்துல அனந்தப்பருக்குப் புத்தி நின்னுபோச்சு, கை மட்டும் ஓடுச்சு. ஏழு, எட்டு, ஒம்பது.

பத்தாவது விழுந்துச்சு, முரசு மட்டும் நின்னுபோச்சு. "திரும்பலாம் மகாராஜா."

துணியில ஆறு மரக்கால் இருந்துச்சு. பத்தாவது, அனந்தப்பரோட பலகைக்கு அடியில, வழுவழுன்னு இருந்த தரையில குவிஞ்சு கெடந்துச்சு. அன்னைக்கு அங்க சாக்கு இல்ல. நெல்லு மட்டும் வழி மறக்காமப் போயிருந்துச்சு.

"அது யாருக்கு, அனந்தப்பரே?"

"பழக்கம், மகாராஜா," அப்படின்னாரு. சொன்னப்புறம்தான் வாயைப் பொத்தினாரு.

சடையனை வெளிய விட்டாங்க. தொடப்பத்தை அனந்தப்பர் கையில குடுத்தாங்க. ராஜா தன் காதுக் கடுக்கனைக் கழட்டி, "கேக்கத் தெரிஞ்ச காதுக்கு இருக்கட்டும்"னு காத்தமுத்துகிட்ட நீட்டினாரு. "வேற என்ன வேணும்?"

"இனிமே எங்க கண்ணு முன்னாடி அளக்கணும். எதுக்குப் பிடிக்கிறாங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் வாய்விட்டுச் சொல்லணும்."

ராஜா தாடியைத் தடவினாரு. "அப்ப என் பெட்டியில விழுறது எங்க போகுதுன்னும் கேப்பாங்களே?"

தூரத்துல புலி கொட்டாவி விட்டுச்சு. காத்தமுத்துவுக்கு முதுகெல்லாம் வேர்த்துச்சு.

"கேப்பாங்க மகாராஜா."

ராஜா சரின்னு தலைய ஆட்டினாரு. அப்புறம் சிரிச்சாரு, அவ்வளவு சத்தமா இல்ல.

அடுத்த மாசம் காத்தமுத்து துணியில ஏழு விழுந்துச்சு, அவன் கண்ணு முன்னாடி. அதே வாரம், ஒம்பது வருசமாப் பேச்சுல மட்டும் இருந்த ஆத்துப் பாலத்துக்குக் கல்லு வந்து எறங்குச்சு. பயம் அந்தக் கோட்டைய விட்டுப் போயிடல. சம்பள நாளன்னைக்கு மண்டபத்துல உக்காந்து முரசை எண்ணுற ஒருத்தருக்கு இப்பல்லாம் உள்ளங்கை வேர்க்குதாம்.