நிலாவுக்கு ஒரு விளக்குமாறு

கோயம்புத்தூருக்கு வெளியே, நிலாவில் மெஷின் இறக்கும் தனியார் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே இன்ஜினியர் தமயந்தி. வயது முப்பத்து மூன்று. அவளிடம் வேலை கற்றுக்கொண்டவர் மாசிலாமணி. அவருக்கு ஐம்பத்து நாலு. மில்லை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தவர். சின்னப் பெண்தானே என்று பார்க்கவில்லை, அவளைத்தான் குருவாக வைத்திருந்தார்.

கம்பெனியின் முதல் மெஷின் போன மாதம் நிலாவில் இறங்கியது. ஒரு காலைக் கல்லின் மேல் வைத்துக் குப்புற விழுந்தது. அத்தோடு அதன் பேச்சு நின்றுபோனது.

இங்கே கொட்டகையில் அதை இறக்கி இறக்கிப் பழக்கியவர் மாசிலாமணிதான். ஒரு வாரம் அவருக்குச் சோறே பிடிக்கவில்லை. எட்டாம் நாள், வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொண்டுவந்து தமயந்தியின் மேஜையில் வைத்தார்.

"மேடம், இங்க நாப்பத்தோரு தடவை இறங்குச்சுங்க. ஒரு தடவைகூட ஆடல. அங்க போய் ஏனுங்க விழுந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

தமயந்தி கடிதத்தைப் பிரிக்கவில்லை. டீ கிளாஸைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"இன்னொரு தடவை இறக்குங்கண்ணா. பார்க்கறேன்."

கொட்டகைக்குள் பாறையை அரைத்துக் கொட்டிய சாம்பல் நிற மண் பரப்பு. மேலே கிரேன். கிரேனில் அதே அச்சில் செய்த இன்னொரு மெஷின். அது கேமராவால் கீழே பார்க்கும், தானே இடம் தேடும், தானே இறங்கும். ஒவ்வொரு தடவையும் கண்டதையெல்லாம் பாடமாக வைத்துக்கொள்ளும்; அந்தப் பாடம்தான் நிலாவுக்குப் போகும் மெஷினுக்கும்.

மாசிலாமணி விளக்குமாற்றை எடுத்தார். மூலைக்கு மூலை கூட்டினார். பொடிக்கல்லைக்கூட விரலால் பொறுக்கி வாளியில் போட்டார். பலகையை வைத்து மண்ணை வழித்துவிட்டார். முப்பது வருஷம் மில் தரையில் ஒரு பஞ்சு இழையை விட்டுவைக்காத கை.

"எப்பவும் இப்படியாண்ணா?"

"பின்னே? வந்து இறங்கறவங்களுக்கு எடம் சுத்தமா இருக்க வேண்டாமுங்களா?"

மெஷின் இறங்கியது. ஆடவில்லை.

"நாப்பத்திரண்டு," என்றார். அந்தத் துக்கத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

தமயந்தி விளக்குமாற்றை வாங்கிப்போய் எடை மெஷினில் வைத்தாள். நோட்டில் எழுதினாள்.

"எதுக்குங்க மேடம்?"

"அடுத்து நிலாவுக்குப் போற மெஷின்ல இதையும் ஏத்தணும்."

கேலியோ என்று முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"நீங்களும் ஏறி நில்லுங்கண்ணா."

"நான் எதுக்குங்க?"

"விளக்குமாறு மட்டும் போய் என்ன பண்ணும்?"

ஒரு காலை எடை மெஷினில் வைத்தவர் அப்படியே நின்றார். கூட்டி வழித்த மண்ணைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ரெண்டு வருஷமாகப் பொறுக்கிப் போட்ட கல் சுவரோரம் இடுப்பளவு கிடந்தது. வாளியில் அள்ளிவந்து மண்பரப்பில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"அடுக்காதீங்கண்ணா. வீசுங்க."

கண்ணை இறுக்கிக்கொண்டு வீசினார்.

மெஷின் இறங்கியது. தடுமாறியது. கல்லில் கால் இடறிச் சரிந்தது. சத்தம் கேட்டு ஆபீஸே ஓடிவந்தது.

"என்னண்ணா, இங்கயும் போச்சா?" என்றான் ஒருவன்.

தூக்கி நிறுத்தி மறுபடி இறக்கினார். விழுந்தது. மூன்றாம் தடவையும் விழுந்தது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்தது கெளம்ப எட்டு மாசம்தான் இருக்குங்க மேடம். நல்லா நின்னுட்டு இருந்ததை இப்படி விழ வைக்கறோம். இது ஆகுமுங்களா?"

தமயந்தி டீக்கறை வட்டம் விழுந்த கடிதத்தை, பிரிக்காமலே அவர் சட்டைப்பையில் திரும்ப வைத்தாள்.

"அங்க விழுந்தா தூக்க ஆளில்லை. இங்க நீங்க இருக்கீங்க. தூக்கி நிறுத்துங்கண்ணா."