முதல் வரியிலேயே சிரிப்பு

“ஊரே என்னப் பாத்துச் சிரிக்குதுங்க சாமி. பேசறதுக்குத்தான் ஒரு ஆள் இல்ல.”

கரட்டுச் சாமி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஒருத்தருகூடவா இல்ல?”

“ஒருத்தரும் இல்லைங்க.”

சொன்னவர் மத்தாப்பு மகுடபதி. கோயில் திருவிழாக்களில் மிமிக்ரி செய்து, டீவிக்குப் போய், சினிமாவில் கதாநாயகனின் நண்பனாக நின்று அடிவாங்கி, தலை நரைத்த பிறகு ஒற்றை மைக்கோடு தனியாளாக அரங்குகளை நிறைத்தவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவர் ஊரில் இன்றும் அவரைத்தான் காட்டுவார்கள்.

அப்படிப்பட்டவரின் சென்னை வீட்டில் சத்தம் என்றால் டீவி சத்தம்தான். மனைவி போய்ச் சேர்ந்து நாளாயிற்று. உப்புத் தீர்ந்துபோனால் சமையல்காரர் அவரிடம் சொல்லாமல் தானே வாங்கி வந்துவிடுவார். சொன்னால் அடுத்த வாரம் அது மேடைக்கு வந்துவிடும் என்ற பயம் அவருக்கு. நண்பர்களோ அவரைக் கண்டதுமே பல்லைக் காட்டிக்கொண்டு அடுத்த ஜோக்குக்குக் காத்திருப்பார்கள். மனிதர் தனிமையில் வெந்துபோயிருந்தார். இல்லாவிட்டால் மூச்சு வாங்க இந்தக் கரட்டுக் குன்றின் மேல் ஏறி, தன்னைவிட வயதில் சின்னவரான ஒரு சாமியார் முன்னால் உட்கார்ந்திருப்பாரா?

“கொழந்தைங்க?”

“ஒரே பொண்ணுங்க, கனிமலரு. கோயமுத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கேன். தெனமும் போன் பண்றேன். ‘நல்லாருக்கேம்ப்பா, சாப்ட்டீங்களா’ன்னு கேட்டுட்டு வெச்சிருது. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. அது மனசு விட்டு ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள நான் கண்ண மூடிருவனோன்னு பயமா இருக்குதுங்க சாமி.”

“முன்னாடி பேசிட்டிருந்துச்சுங்களா?”

“நல்லாப் பேசும். கலியாணமாகி ஆறு மாசம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம், பெரிய பெட்டியோட வந்து வாசல்ல நிக்குது.”

மகுடபதி தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். குரலும் மாறிவிட்டது.

“பெட்டியப் பாத்தேன். பொண்ணப் பாத்தேன். ‘ஏங்கண்ணு, மாப்பிள்ளைக்கு ஒரு வருசம் வாரண்டின்னு சொன்னாங்களே, ஆறு மாசத்துலயே ரிப்பேரா?’ன்னேன்.”

சாமி வாய்விட்டுச் சிரித்தார். மடியிலிருந்த தோல் சிதறியது.

“அதுவும் இப்படித்தானுங்க சிரிச்சுது! சிரிச்சு, மோர் குடிச்சுட்டு, சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிப் போயிருச்சு. அடுத்த வாரம் அத மேடையில சொன்னேன். கைதட்டல் அடங்கவே இல்ல. அப்புறம் சினிமாவுலயும் வெச்சாங்க. இன்னிக்கும் எங்க போனாலும் அந்த வாரண்டியச் சொல்லுங்கன்னுதான் கேக்கறாங்க.”

சாமி எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டார்.

“சுனையில தண்ணி மொண்டுட்டு வந்தர்றேன். அதுக்குள்ள யாராச்சும் வந்தாங்கன்னா, இந்தப் பாயில உக்காந்து என்னன்னு கேட்டு வைங்க.”

மகுடபதி பாயில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஏறி வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் வாழைப்பழச் சீப்பு.

“சாமி இல்லைங்களா?”

“தண்ணிக்குப் போயிருக்காரு. எங்கிட்டச் சொல்லுங்க அம்மணி.”

அவள் உட்கார்ந்து முந்தானையைத் திருகினாள்.

“என்ற ஊட்டுக்காரரு கொஞ்ச நாளா எங்கூட ஒரு வார்த்தை பேசறதில்லைங்க...”

“எந்தக் கோயில்ல வேண்டிக்கிட்டீங்க அம்மணி? அட்ரஸக் குடுத்தீங்கன்னா ஊர்ப் பொம்பளைங்க பூராம் பொங்கல் வெக்கக் கெளம்பிருவாங்க!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அய்யோ, நம்ம மத்தாப்பு!” என்று அடையாளம் கண்டுகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்து, பழத்தைப் பாயோரம் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

சாமி வந்து குடத்தை இறக்கினார்.

“பாத்தீங்களா சாமி? அழுதுட்டு வந்துச்சு, சிரிச்சுட்டுப் போவுது!”

“எதிர்ல பாத்தேனுங்க. எதுக்கு வந்துச்சாமா?”

“ஊட்டுக்காரரு பேசறதில்லையாமாங்க.”

“அது மொத வரிங்க. அப்புறம்?”

மகுடபதி யோசித்தார். அவர் தொழிலில் முதல் வரியை யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும், அடுத்த வரி இவருடையது. எதிரே நிற்பவருக்கு இரண்டாவது வரி என்று ஒன்று கிடையாது. வருடக்கணக்காக அப்படியே பழகிவிட்டது.

“அப்புறம்... தெரியலைங்க.”

சாமி மறுபடியும் கடலையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

“உங்க பொண்ணு எதுக்குங்க வந்துச்சு?”

மகுடபதி வாயைத் திறந்தார். பெட்டியின் நிறம் அவருக்கு ஞாபகம் இருந்தது. எந்தச் சொல்லுக்குப் பிறகு நிறுத்தினால் கைதட்டல் கூடும் என்பதும் தெரியும். ஊர் ஊராகச் சொன்ன அந்தக் கதையில், கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை. சாமிக்கு முன்னாலேயே அழுதுவிட்டார்.

செருப்பைக்கூட மாட்டாமல் கரட்டில் இறங்கினார். பாதி வழியில் போனுக்கு சிக்னல் கிடைத்ததும் மகளைக் கூப்பிட்டார்.

“நல்லாருக்கேம்ப்பா. சாப்ட்டீங்களா?”

“கண்ணு... அன்னிக்கு நீ எதுக்கு வந்தே?”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மகுடபதியின் நாக்கு நுனிக்கு ஒரு ஜோக் வந்தது. விழுங்கினார்.

“பக்கத்துல ஆளுக இருக்காங்களாப்பா?”

“யாரும் இல்ல கண்ணு. நா மட்டுந்தான்.”