கச்சிராயரின் முரசும் ராஜாவின் குளியலும்

வெகு காலத்துக்கு முன்னே தாழையூரைத் தலைநகராக வைத்து வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்.

அந்த ஊரில் கூப்பிட்டால் வண்டி வரும். தெருமுனைக்குத் தெருமுனை ஒரு முரசு. தட்டினால் போதும், பக்கத்தில் சும்மா நிற்கிற மாட்டுவண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். முரசெல்லாம் அரசவைப் பிரபு கச்சிராயருடையவை. கூலியை அவர் ஆட்கள் வாங்கிப் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் வண்டிக்காரனுக்குக் கொடுப்பார்கள். மழை தூறினால் கூலி மும்மடங்கு. முணுமுணுக்கிற வண்டிக்காரனுக்கு அப்புறம் சவாரியே கிடையாது.

அதோடு போயிற்றா? சவாரி சீக்கிரம் முடியட்டும் என்று வண்டிகளையெல்லாம் ஏரிக்கரை மேலே குறுக்கு வழியில் விட்டார் மனிதர். சக்கரம் ஏறி ஏறிக் கரை கரைந்தது. மண் உள்ளே சரிந்து ஏரி மேடிட்டுப்போனது. ஊருக்கே குடிதண்ணீர் அந்த ஏரிதான். ஐப்பசி மழைக்குள் தூர் வாரிக் கரையை உயர்த்தாவிட்டால் வருகிற கோடையில் ஊர் காலி.

மந்திரி ஆவுடையப்பர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஒரு சட்டம் எழுதிச் சபைக்குக் கொண்டுவந்தார். மழையைக் காட்டிக் கூலி ஏற்றக் கூடாது. ஒவ்வொரு சவாரிக்கும் கச்சிராயர் தம் பங்கிலிருந்து ஏரிக்கென்று கட்ட வேண்டும்.

கச்சிராயர் எழுந்து அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டார். "மகாராஜா, வண்டி வைத்திருப்பவனுக்கல்லவா வண்டிச் சட்டம்? என்னிடம் ஒரு வண்டி உண்டா, ஒரு மாடு உண்டா? வண்டி வண்டிக்காரனுடையது. பாதை தங்களுடையது. கூப்பிடுகிறவனையும் வருகிறவனையும் சேர்த்து வைக்கிறேன், அவ்வளவுதான். நடுவில் நிற்கிறவனுக்கு என்ன பொறுப்பு?"

ராஜாவுக்கு இந்தப் பேச்சு சர்க்கரையாக இனித்துவிட்டது. நடுவில் நிற்கிறவனுக்குப் பொறுப்பில்லை என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். பௌர்ணமிக்குள் அது தப்பென்று காட்டாவிட்டால் மந்திரி தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கச்சிராயரிடம் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னான். கச்சிராயருக்கு அந்த மோதிரத்தின் மேல் எத்தனையோ வருஷமாகக் கண்.

ஆவுடையப்பர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஏரி மடைக்குப் போனார். மடையும் வாய்க்காலும் அவர் அதிகாரத்தில்தான் இருந்தன. ஊர்க் குடிநீருக்குப் போகிற மடையைத் தொடாமல், அரண்மனைக்கும் கச்சிராயர் மாளிகைக்கும் போகிற மடையை மட்டும் அடைக்கச் சொன்னார். மடைக்காவலன் தயங்கினான். போனால் என் தலைதான் போகும், நீ மடைப் பலகையை இறக்கு என்றார் மந்திரி. ராஜா குளிக்கிற தண்ணீரில் கை வைப்பதென்றால் லேசா?

மறுநாள் காலை வில்லவராயனுக்கு எண்ணெய்க் குளியல். உடம்பெல்லாம் நல்லெண்ணெய், தலையெல்லாம் சீயக்காய், தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கண் எரிய, இடுப்புத் துண்டோடு சபைக்கே வந்துவிட்டான். கச்சிராயர் வீட்டிலும் அதே கதைதான். ஆனால் மந்திரி மாட்டிக்கொண்டார் என்ற சந்தோஷத்தில் குளிக்காத கசகசப்புகூட அவருக்கு உறைக்கவில்லை.

"எங்கேயய்யா என் தண்ணீர்?" என்றான் ராஜா.

ஆவுடையப்பர் கைகட்டி நின்றார். "தண்ணீர் வானத்துடையது, மகாராஜா. வாய்க்கால் தங்களுடையது. தண்ணீரையும் தொட்டியையும் சேர்த்து வைக்கிறேன், அவ்வளவுதான். வரவில்லையென்றால் தண்ணீரைத்தான் கேட்க வேண்டும்."

ராஜா வாய் திறப்பதற்குள் கச்சிராயர் முன்னே பாய்ந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

"என்ன ஓய் கதை அளக்கிறீர்? திற என்றால் திறக்கிறார்கள், மூடு என்றால் மூடுகிறார்கள். அதற்குச் சம்பளமும் வாங்குகிறீர். பிடி உம் கையில் இருக்கும்போது பொறுப்பு மட்டும் வேறு யாருக்கு?"

ஆவுடையப்பர் மோதிரத்தைக் கழற்றி ராஜாவின் முன்னால் வைத்தார்.

"கச்சிராயர் சொன்னது முழுக்க நியாயம். முதலில் என்னைத் தண்டியுங்கள். அப்புறம் அதே நியாயப்படி, முரசும் கூலியும் யார் கையில் இருக்கின்றன என்று ஒரு வார்த்தை கேளுங்கள்."

கச்சிராயருக்கு முகம் வெளுத்துப்போனது. ராஜா எரிகிற கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரையே பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். நேற்று உம் வாயால் ஒரு தீர்ப்பு, இன்றைக்கும் உம் வாயாலேயே ஒரு தீர்ப்பா என்று கேட்டு, மோதிரத்தை எடுத்துத் தன் கையாலேயே மந்திரிக்குப் போட்டுவிட்டான். மடை திறந்தது. சட்டமும் நிறைவேறியது. இனிக் கரைமேல் வண்டி போகக் கூடாது என்று ராஜாவே ஒரு வரி சேர்த்தான். தூர் வாருகிற முதல் கூடையைக் கச்சிராயர் தலையில்தான் ஏற்ற வேண்டும் என்றும் உத்தரவு போட்டான். பட்டுவேட்டியில் சேறு வழிய அவர் நடந்ததைப் பார்த்து வண்டிக்காரர்கள் அடித்த சீழ்க்கைச் சத்தம் அரண்மனை வரைக்கும் கேட்டதாம்!

ஐப்பசியில் மழை கொட்டியது. ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்தது. அதைப் பார்க்க ஊரே கிளம்ப, முரசுச் சத்தம் நாள் முழுக்க ஓயவில்லை. கச்சிராயர் ஆயுசில் அப்படி ஒரு வருமானம் கண்டதில்லை. அன்று சாயங்காலம் அவர் கரைமேல் நடந்து வந்து மந்திரியின் பக்கத்தில் நின்றார்.

"ஏரி நிறைந்தால் சவாரி இப்படிப் பெருகும் என்று அப்போதே சொல்லியிருந்தால் நானே கொடுத்திருப்பேனே, ஓய்."

"கொடுத்திருக்க மாட்டீர், பிரபுவே," என்றார் ஆவுடையப்பர். "அதனால்தான் சட்டம் போட்டோம்."