வழியை அடைத்து நின்றவர்கள்

"என் ரத்தக்குழாயை அடைச்ச குற்றவாளி யாரு, டாக்டரம்மா?"

மாரடைப்பிலிருந்து பிழைத்து எழுந்த தளவாய் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். எதற்கும் ஒரு குற்றவாளி இருந்தாக வேண்டும் அவருக்கு.

டாக்டர் நிலோஃபருக்கு அவர் மகள் வயது. பொறுமையாகச் சொன்னாள்.

"குழாயோட உள்சுவர்ல சின்னதா ஒரு கீறல், ஐயா. அதை மூட, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் ஓடி வந்து ஒட்டிக்கிச்சு."

"அப்போ அதுதான்."

"அது உதவிக்கு வந்தது. வெள்ளையணுக்களையும் துணைக்குக் கூப்பிட்டுச்சு."

"அதுக என்ன பண்ணுச்சு?"

"புண்ணை ஆத்தத்தான் வந்துச்சு. வந்து, இன்னும் தட்டணுக்களைக் கூப்பிட்டுச்சு. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நின்னதுல, ரத்தம் போக வழி இல்ல."

தளவாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாம் நல்லதுன்னா, நான் எப்படிம்மா சாகக் கிடந்தேன்?"

டாக்டர் போய் அறைக்கதவைத் திறந்து வைத்தாள்.

வராந்தா முழுக்கச் சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில். மச்சினன் போன் போட்டுச் சித்தப்பாவை வரவழைத்திருந்தார். சித்தப்பா வேன் பிடித்துப் பாதி ஊரை ஏற்றி வந்திருந்தார்.

"இதுல உங்க எதிரி யாரு, ஐயா?"

"எவனும் இல்ல. எல்லாம் எனக்காக உசுரக் குடுக்குற சனம்."

"படிக்கட்டுகிட்ட நிக்கிறவரு?"

தளவாய் தலையைத் தூக்கிப் பார்த்தார். தம்பி கொம்பையா. கையில் தூக்குவாளி.

தளவாய் மகளின் கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயர் விடுபட்டுப் போயிருந்தது. அச்சகத்துப் பிழை. ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். சமாதானம் பேச மச்சினன் வந்தார். அவருக்குத் துணையாகச் சித்தப்பா வந்தார். தம்பி பக்கத்திலிருந்தும் நாலு பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் முகம் பார்க்கவில்லை. தம்பி இல்லாத ஒவ்வொரு பொங்கலும் தளவாய்க்குக் கசந்தது. வெளியே சொன்னதில்லை.

மச்சினன் பெருமையோடு உள்ளே தலையை நீட்டினார்.

"காலையிலேர்ந்து நிக்கான் அத்தான். நாங்க விடுவமா? நீங்க நிம்மதியாப் படுங்க."

தளவாய் டாக்டரைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"மாப்ள, கொஞ்சம் வழியை விடுங்க."