கழுகு கக்கிய கறி

“மேடம், என்னைப் பார்த்தாலே கழுகு வாந்தி எடுக்குது” என்றார் தணிகாசலம்.

டாக்டர் ரெஜினா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யாரைப் பார்த்தாலும் எடுக்கும்.”

“என்னைப் பார்த்தாத்தான் அதிகம்.”

தணிகாசலம் பதினெட்டு வருஷம் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். டாக்டரை விட வயதில் மூத்தவர். நொண்டின ஒரு பசுவுக்கு, போடக்கூடாது என்று தடுத்திருந்த வலி ஊசியைப் போட்டுவிட்டார். பசு செத்தது. காட்டோரம் இழுத்துப் போட்டார்கள். அந்த மருந்து ஏறின கறியைத் தின்ற பாறு கழுகுகள் ஆறு செத்தன. ஏழாவது மட்டும் மூச்சோடு கிடந்தது.

அதைத் துணியில் சுற்றி இந்தப் பறவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவரும் அவர்தான். “இங்கேயே இருந்து வேலை கத்துக்கிறேன்” என்றார். போகவே இல்லை.

“அது என்னை மன்னிக்கலை மேடம்.”

டாக்டர் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து அவர் கையில் கொடுத்தார்.

“அந்த வேலியைத் தாண்டிக் குதிங்க.”

தணிகாசலம் வேலி வரை போனார். வாளிகளைக் கீழே வைத்தார். குதித்தார்.

“வாளி எங்கே?”

“வாளியோட எப்படி மேடம் குதிக்கிறது?”

டாக்டர் உள்ளே போய்விட்டார்.

இந்தம்மாவுக்குப் படிப்பு அதிகம், பேச்சு கம்மி என்று நினைத்துக்கொண்டார்.

மாடு என்றால் அவருக்குத் தெரியும். பழகாத மாடு உதைக்கும். பழகினது கையை நக்கும். அப்படியே இதையும் பழக்கினார். டாக்டர் இல்லாத நேரம் கூண்டுக்குள் உட்கார்ந்து பேசினார். கறியைச் சின்னதாக நறுக்கிக் கையால் நீட்டினார்.

வீட்டில் மனைவி அவரைக் குழாயடியிலேயே நிறுத்திக் குளிக்க வைத்தாள். “இந்த நாத்தத்துக்கு அந்தக் கழுகையே கட்டியிருக்கலாம்” என்றாள்.

இருபதாம் நாள் ஓடி வந்தார்.

“மேடம்! வாந்தி எடுக்கலை. என் கையில கறி வாங்கித் தின்னுச்சு. மன்னிச்சிடுச்சு மேடம்!”

டாக்டர் சிரிக்கவில்லை.

“அடுத்த மாசம் வனத்துறைக்காரங்க பார்க்க வராங்க. மனுஷனுக்குப் பயப்படாத பறவையைக் காட்டுல விட மாட்டாங்க. சாகிற வரைக்கும் கூண்டுதான்.”

தணிகாசலம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இப்ப நான் என்ன செய்யணும்?”

டாக்டர் ஒரு காலி டின்னையும் ஒரு கட்டையையும் கொடுத்தார்.

“அது என்கிட்ட ஆசையா வருது மேடம்.”

“அதனாலதான்.”

தினமும் கூண்டுக்குள் போய் டின்னைத் தட்டினார். கத்தினார். கழுகு முதலில் கிட்டே வந்தது. சில நாள் கழித்து, தூர நின்று பார்த்தது. பிறகு மூலைக்குப் போனது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வனத்துறைக்காரர்கள் வந்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கி வேலியோரம் நின்றார்கள்.

தணிகாசலம் டின் இல்லாமல், வெறுங்கையோடு உள்ளே போனார். பத்தடியில் நின்றார்.

கழுகு அவரைப் பார்த்தது. கழுத்தை நீட்டி, வயிற்றில் இருந்த கறியையெல்லாம் கக்கியது. மறு நொடி மேலே, உயரக் கட்டையில் இருந்தது. குதிக்கும் முன் தான் இறக்கி வைத்த இரண்டு வாளிகள் தணிகாசலத்துக்கு ஞாபகம் வந்தன.

நாற்றம் ஜீப் வரைக்கும் வந்தது. ஒருத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டே எதையோ எழுதினார், சரி என்று தலையாட்டினார்.

வேர்வையில் சட்டையெல்லாம் நனைந்து தணிகாசலம் வெளியே ஓடி வந்தார். கண்ணிலும் தண்ணீர்.

“மேடம், வாந்தி எடுத்துடுச்சு!”

டாக்டர் போய்க் கூண்டுக் கதவை அகலத் திறந்தார்.