ஓடுகிற டிரம்

ஜெயசிங்குக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு பெனிட்டாவுக்கு இருபத்து நாலு. இருவரையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு யார் குரு என்று குழப்பம் வரும். டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் குழப்பமே இல்லை. குச்சியைத் தவறவிடுகிறவர் ஜெயசிங்.

வாலிப வயதிலிருந்து தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர் அவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு குரல் போய்விட்டது. மிச்சம் இருப்பது வெறும் கிசுகிசுப்பு. குழுவில் டிரம் வாசிக்கும் பெனிட்டா வேலை கிடைத்து அடுத்த மாதம் கோயம்புத்தூர் போகிறாள் என்று தெரிந்ததும், அந்த இடத்தை அவரே கேட்டு வாங்கினார்.

போன ஞாயிறு முதல் முறையாக வாசித்தார். பாதிப் பாட்டில், காலால் மிதித்து அடிக்கிற பேஸ் டிரம் கிரானைட் தரையில் வழுக்கிக்கொண்டு பீடத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அடுத்த வாரமும் இப்படின்னா கீபோர்டுலயே தாளம் வச்சுக்கலாம்" என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார்.

அப்புறம் ஜெயசிங் கீழே பெஞ்சில் இருந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்க வேண்டியதுதான். அதை நினைத்து நினைத்து அவருக்குச் சோறே இறங்கவில்லை.

சனிக்கிழமை ஒத்திகைக்குப் பெனிட்டா வந்தாள்.

"செட்டுல என்னென்ன இருக்கு, சொல்லுங்க அங்கிள்."

"நாளைக்கு வாசிக்கணும். இப்பப் போய் இதையா கேக்க, டீச்சர்?"

"சொல்லுங்க."

"வலது கால்ல மிதிக்கது பேஸ் டிரம். முன்னால ஸ்னேர். இடது கால்ல திறந்து மூடுற ஜோடித் தட்டு ஹை-ஹாட். மேல ரெண்டு டாம், தரையில ஒண்ணு. பெறவு பெரிய சிம்பல்."

"ஒண்ணை விட்டுட்டீங்க."

ஜெயசிங் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"குச்சியா?"

"இல்ல. சரி, வாசிங்க."

வாசித்தார். டிரம் நகர்ந்தது.

"பாத்தியா! ஓடுது பாரு!" என்றவர் பையைத் திறந்து ஒரு செங்கலை எடுத்தார். "நானும் சும்மா வரல. வழி பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்."

செங்கலை டிரம்முக்கு முன்னால் வைத்துவிட்டு மறுபடி மிதித்தார். டிரம் அசையவில்லை. ஜெயசிங்தான் ஸ்டூலோடு பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் கால் பெடலுக்கு எட்டவில்லை.

பெனிட்டா சிரிக்கவில்லை. அவளிடம் அவருக்குப் பிடித்ததே அதுதான். செங்கலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, துணி காயப்போடுகிற கயிறு ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒரு முனையை பேஸ் டிரம்மின் காலிலும் மறு முனையை ஸ்டூலின் காலிலும் கட்டினாள்.

"இப்ப மிதிங்க."

மிதித்தார். டிரம் மறுபடி கிளம்பியது. கூடவே ஸ்டூலும் நகர்ந்து அவரை முன்னால் தள்ளியது.

"போச்சு," என்றார். "நாளைக்கு என் கதை முடிஞ்சுது."

"நீங்க எங்க உக்காந்தீங்க? ஸ்டாப் வந்துட்டுன்னு பஸ்ல எந்திரிக்கப் போற ஆள் மாதிரில்லா நுனியில இருக்கீங்க. நல்லா பின்னால தள்ளி, உங்க முழு பாரமும் ஸ்டூல்மேல விழுற மாதிரி உக்காருங்க."

உட்கார்ந்தார். மிதித்தார். டிரம் இழுத்தது, ஸ்டூல் அசையவில்லை. ஒரு பாட்டு முழுக்க வாசித்தார். டிரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"விட்டது ஸ்டூலையா?" என்று கேட்டார்.

"அதுவும் இல்ல," என்றாள் பெனிட்டா, குனிந்து முடிச்சை இறுக்கிக்கொண்டே.

ஞாயிறு ஆராதனை. பாடகர் குழு எழுந்து நின்றது. பெனிட்டா இன்று குழுவோடு பாடுகிறாள். டிரம் செட்டை ஒட்டி நின்றாள். கீழே பிள்ளைகள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். ஜெயசிங் தன்னை அறியாமல் ஸ்டூலின் நுனிக்கு வந்திருந்தார்.

"டீச்சர்," என்றார். பக்கத்தில் நின்ற அவளுக்கு மட்டும் கேட்டது. "பாதியில எந்திரிச்சு ஓடிரணும்போல இருந்துச்சுன்னா?"

"ஓடுங்க," என்றாள் அவள், பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "டிரம்மையும் ஸ்டூலையும்தான கட்டியிருக்கேன். நீங்க விட்டுட்ட அந்த ஒண்ணை, உங்களை, கட்டலயே."

குழுத் தலைவர் கையை உயர்த்தினார்.

ஜெயசிங் பின்னால் நகர்ந்து முழுசாக உட்கார்ந்தார்.